சாகுல் ஹமீதின் தொண்ணூற்றெட்டு மார்க்

நீங்கள் ஓட்டும் வண்டி உங்களைப் பற்றி யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் வெட்கப்பட வேண்டாம். சாகுல் ஹமீதுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஏழு மாதமாக அலைகிறார். அவர் கேட்பது ஒன்றுதான்: தன்னைப் பற்றி அந்த வண்டி ஊர் ஊராகச் சொன்னதைத் தன்னிடமும் ஒரு தடவை சொல்ல வேண்டும். அது கைக்கு வந்தால், செத்துப்போன ஒரு பெண்ணின் பக்கம் நின்று ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் அவர் சொல்லும் உண்மைக்கு ஆதாரம் இருக்கும். வராவிட்டால் அவர் சொல்வது வெறும் வாய்ச்சொல்.

சாகுல் ஹமீதுக்கு வயது ஐம்பத்திரண்டு. மடவார் வளாகத்துக்குப் பின்தெருவில் வாடகை வீடு. மனைவி அசீனா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். பத்தொன்பது வயதில் பஞ்சு லாரியில் கிளீனராக ஏறியவர், லைசன்ஸ் எடுத்த இருபத்தொன்பது வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று தெருவில் சொல்வார்கள். அவரிடம் கேட்டால், "ரெண்டு கோழி. முத வருசம்" என்பார்.

கடைசிப் பதினோரு வருடம் அவர் ஓட்டியது மில் வேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை. அதற்குப் பெண்களை ஏற்றி இறக்க ஒரு காண்ட்ராக்ட்காரர் பதினைந்து வேன் விட்டிருக்கிறார். அதில் ஒன்றைச் சாகுல் ஓட்டினார். கிருஷ்ணன்கோவில் விலக்கில் திரும்பி, வத்திராயிருப்பு தாண்டி, மகாராஜபுரத்துக்கும் மேற்கே மலையடியில் உள்ள கடைசிக் குடியிருப்பு வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். விடியுமுன் ஏற்றிக்கொண்டு போவார். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் கொண்டுவந்து விடுவார். கடைசிக் குடியிருப்பில் இறங்குகிறவர்கள் பதினொரு பேர்.

அந்தக் குடியிருப்புக்கு முன்னால் ஓர் ஓடை. அதன்மேல் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைப்பாலம். வருடத்தில் பத்து மாதம் அதில் ஆடு படுத்திருக்கும். மீதி இரண்டு மாதம் கதை வேறு. கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மலைமேல் பெய்த மழை ஒரு மணி நேரம் கழித்து மண்ணும் மரமுமாக இறங்கி வரும். வரும்போது சொல்லிக்கொண்டு வராது. சாகுல் இதற்கென ஒரு வழக்கம் வைத்திருந்தார். கிருஷ்ணன்கோவில் விலக்கில் திரும்பியதும் தலையைக் குனிந்து முன்கண்ணாடி வழியாக மேற்கே மலை உச்சியைப் பார்ப்பார். உச்சி தெரிந்தால் நேர்ச்சாலை. மேகம் மூடியிருந்தால் கண்மாய்க் கரை வழியாகச் சுற்றி, உயரமான பாலத்தில் ஏறிப் போவார். ஏழு கிலோமீட்டர் கூடுதல், இருபது நிமிடம் தாமதம்.

"பாய் அண்ணே, வெயிலு மண்டையப் பொளக்கு. இப்பப் போயி சுத்துதீகளே?" என்று பெண்கள் முனகுவார்கள்.

"ஏட்டி, உச்சி தெரியலை. அம்புட்டுதான் எனக்கு வேணும்."

"வீட்ல சோறு ஆக்கணும்ணே."

"சோறு ஆக்க ஆளு வேணும்லா? பேசாம வா."

இப்படிச் சொல்லி ஓட்டிய பதினோரு வருடத்தில் ஓடை எத்தனையோ முறை வந்தது. அவருடைய வேனில் வந்த ஒருத்தியையும் அது தொடவில்லை. தொடாத ஆளை எண்ணிப் பார்க்க எந்தக் கம்பெனியிலும் ஆள் கிடையாது.

போன வருடம் ஜூன் மாதம் பெட்டி வந்தது. கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி ஒன்று டேஷ்போர்டுக்கு அடியில். முன்கண்ணாடியில், ஓட்டுநர் முகத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா. பொருத்தும்போது காண்ட்ராக்ட்காரரின் மேலாளர் சுந்தரபாண்டியன் கூட நின்றார். சாகுலைவிடப் பத்து வயது சின்னவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மேலே இருந்து வருவதைக் கீழே தள்ளுகிற ஆள், அவ்வளவுதான்.

"இது எதுக்கு சார்?"

"இன்சூரன்ஸ் பிரீமியம் குறையும் பாய். பதினஞ்சு வண்டிக்கும் போடுதோம். நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

ஆங்கிலத்தில் நான்கு பக்கம் நீட்டினார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் சாகுல் கேட்டார். அந்த நான்கு பக்கத்தைப் பின்னால் வாங்கிப் படித்தேன். வேகம், பிரேக், திருப்பம், நின்ற இடம், நின்ற நேரம், கதவு திறந்தது, ஓட்டுநர் கொட்டாவி விட்டது, பக்கவாட்டில் பார்த்தது எல்லாம் பதிவாகும். பெட்டிக்காரக் கம்பெனிக்கு, அங்கிருந்து காப்பீட்டு நிறுவனத்துக்கு, வண்டி முதலாளிக்கு, மில்லுக்கு, 'மற்றும் கூட்டாளி நிறுவனங்களுக்கு' அவை போகும். போகாத ஒரே இடம், அந்தக் கொட்டாவியை விட்ட மனிதர். அவருக்குக் கிடைப்பது நாள் முடிவில் போனில் வரும் ஓர் எண், நூற்றுக்கு எவ்வளவு என்று.

இந்த ஊரில் முன்பு ஆலைச் சங்கு ஊதும். மனிதர்கள் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடுவார்கள். அதுவும் கொடுமைதான். ஆனால் சங்கு ஊதியதோடு நின்றது. யார் முகத்துக்கு முன்னாலும் வந்து உட்கார்ந்து கொட்டாவியை எண்ணவில்லை.

சாகுலுக்கு வேகத்தில் ஒரு மார்க்கும் குறையவில்லை. குறைந்தது இரண்டு இடத்தில். கால் வலிக்கிற பெண்ணை அவள் வாசலிலேயே இறக்கிவிட்டால் 'அனுமதியற்ற நிறுத்தம்'. கண்மாய்க் கரை வழியாகச் சுற்றினால் 'பாதை விலகல்'. தரைப்பாலத்தின் வழியாகப் போகும் நேர்ச்சாலையே சரியான பாதை என்று எங்கோ ஒருவர் திரையில் கோடு போட்டுவிட்டார். அவர் அந்த ஓடையைப் பார்த்ததில்லை. வரைபடத்தில் அது மெல்லிய ஒரு நீல இழை.

அறுபத்தொன்று, அறுபத்தெட்டு, அறுபத்துநான்கு என்று மார்க் வந்தது. வேனுக்குள் இது பெரிய கேலியாகிவிட்டது.

"பாய் அண்ணே, இன்னைக்கு எம்புட்டு?"

"அறுவத்தொண்ணு."

"நான் எட்டாப்புல எடுத்ததவிடக் கூடத்தான். பயப்படாதீக, பாஸு!"

இதைச் சொன்னவள் நாகஜோதி. வயது முப்பத்தொன்று. கணவன் இல்லை. ஏழு வயதில் ஒரு மகள், வீட்டில் தாய் மாரியாத்தாள். வேனில் ஓட்டுநருக்குப் பின்சீட் அவளுடையது. சுந்தரபாண்டியன் போல மூக்கால் பேசிக் காட்டுவாள். "பாய்… சிஸ்டத்துல செவப்பு வருது பாய்…" என்று அவள் இழுத்தால், அசல் குரலில் எச்சரிக்கை வரும்போது யாருக்கும் பயம் வராது. சாகுலைத் தவிர.

எச்சரிக்கைகள் போனில் சுந்தரபாண்டியனின் குரல் செய்தியாக வந்தன. யாரிடமும் அதட்டு வாங்கிப் பழகாத மனிதர் அவர். அசீனா காதில் விழுந்துவிடக் கூடாது என்று, கேட்ட உடனே ஒவ்வொன்றையும் அழித்துவிடுவார். இதை நினைவில் வையுங்கள். இந்தக் கூச்சத்துக்குத்தான் இன்று அவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஒருநாள் நேரில் போய்க் கேட்டார். "சார், மலையில மேகம் இறங்குனா ஓடையில தண்ணி வரும். அந்தப் பாதை ஆகாது."

"தண்ணி வந்தா சுத்துங்க. வராதப்ப ஏன் சுத்துதீக?"

"வந்த பொறவு எப்படி சார் சுத்த?"

சுந்தரபாண்டியன் போனை எடுத்துச் சிவப்புக் கோடுகளைக் காட்டினார். "பதினஞ்சு வண்டிக்கும் சராசரி எடுக்காக பாய். உங்க ஒரு வண்டியால எல்லாத்துக்கும் தள்ளுபடி போவுது. இன்சூரன்ஸ்காரன் என்னையக் கேக்கான். நான் ஓடையப் பத்தி அவன்ட்ட என்னன்னு சொல்ல?"

ஓடையைப் பற்றிச் சொல்ல அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. வருடா வருடம் அன்று வேனைப் பெண்கள்தான் கழுவுவார்கள். வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். சாகுல் டீ டம்ளரோடு ஓரமாக நின்று பார்ப்பார். பொரிகடலையில் அவர் பங்கு தனியாக ஒரு பொட்டலத்தில் அசீனாவுக்கும் சேர்த்து வரும். பதினோரு வருட வழக்கம்.

அந்த வருடம் நாகஜோதி சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே ஏறினாள். "பாவம், இதுவும் நம்மள மாதிரிதான். ஒருநா லீவு கிடையாது. இதுக்கும் ஒரு பொட்டு வப்போம்." கேமராவின் கண்ணில் கட்டை விரலால் சந்தனத்தை அப்பினாள். அதன் நடுவில் குங்குமம். எல்லோரும் சிரித்தார்கள். சாகுலும் சிரித்தார். மறுநாள் விடியற்காலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

கேமரா ஓர் இரவு முழுக்க மஞ்சள் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான். 'கருவியைச் சேதப்படுத்தல்.' குற்றங்களில் அதுதான் பெரியது. அன்றைய மார்க் இருபத்திரண்டு. மூன்றாம் நாள் சாகுலை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கண்காணிப்புக் கருவியை வேண்டுமென்றே மறைத்ததற்காக இறுதி எச்சரிக்கை என்று தாளில் அச்சடித்திருந்தது.

"அது சந்தனம் சார். பூஜைக்கு வச்சது."

"நான் நம்புதேன் பாய். சிஸ்டம் நம்பணும்லா?" சுந்தரபாண்டியன் நாற்காலியில் நெளிந்தார். "அதுவுமில்லாம, உங்க பேரப் போட்டு, இவரு சந்தனம் வச்சாருன்னு நான் மேல சொன்னா சிரிக்க மாட்டாகளா?"

சாகுல் நாகஜோதியின் பெயரைச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார். தாளை அவர்களே வைத்துக்கொண்டார்கள். நகல் கொடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை.

இரும்புக்குச் சந்தனம் பூசுவதைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் இங்கே யார் பக்தர் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். வருடத்தில் ஒருநாள் பெட்டிக்குப் பொட்டு வைத்துவிட்டு மறுநாள் அதைக் கேலி செய்த நாகஜோதியா? பதினோரு வருடமாகக் கண்ணுக்கு முன்னால் நிற்கும் மனிதரின் வாய்ச்சொல்லை ஒதுக்கிவிட்டு, பெட்டி சொன்னதை எதிர்க் கேள்வி இல்லாமல் ஏற்ற மேலாளரும் காப்பீட்டுக்காரர்களுமா? கேள்வி கேட்கக் கூடாத ஒன்றுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது சாமிதான். பலி கேட்காத சாமியை அவர்கள் செய்யவில்லை.

அந்தத் தாளுக்குப் பிறகு சாகுல் மாறினார். ஐம்பத்திரண்டு வயதில் புது வேலை யார் கொடுப்பார்கள்? வாசலில் இறக்கிவிடுவது நின்றது. நேர்ச்சாலையைத் தவிர வேறு சாலையில் சக்கரம் படவில்லை. மார்க் தொண்ணூறுக்கு ஏறியது. விலக்கில் திரும்பும்போது தலை மட்டும் பழக்கத்தில் குனிந்து மலையைப் பார்க்கும்.

ஐப்பசி கடைசியில் ஒரு வியாழக்கிழமை. தலை குனிந்து பார்த்தது. உச்சி தெரியவில்லை. கண்மாய்க் கரைச் சாலை பிரியும் இடத்தில் வேகத்தைக் குறைத்தார். பின்னால் இருந்தவர்களும் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரியும். இரண்டு நிமிடம் போல இருந்தது என்கிறார், இரண்டு விநாடிதான் இருந்திருக்கும். நேரே விட்டார்.

தரைப்பாலத்தில் கரண்டைக்கால் அளவு தண்ணீர். நிறம் செம்மண். சாகுல் வேனை இக்கரையில் நிறுத்தினார். தண்ணீருக்குள் வண்டியை விடமாட்டார், அது எந்தப் பெட்டிக்கும் பயந்து வந்ததல்ல.

"யாரும் இறங்காதீக. செத்த நேரம் பார்ப்போம்."

நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினால் அதற்கும் மார்க் போகும். அதை எல்லோரையும்விட நன்றாக அறிந்தவள் பின்சீட்டில் இருந்தாள்.

"கரண்டக்கால்தானண்ணே. நாங்க கையப் புடிச்சிட்டுப் போயிருவோம். நீங்க திருப்புங்க, இல்லேன்னா அந்தச் சனியன் கத்தும்." இறங்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "என்னாலதான் உங்களுக்கு அந்த ஓலை வந்துச்சு. இன்னொண்ணு வர வேண்டாம்."

கதவு திறந்தது. பதினொரு பேர் இறங்கினார்கள். சாகுல் வேனைத் திருப்பினார். அரை பர்லாங்குகூடப் போயிருக்க மாட்டார், சத்தம் கேட்டது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தபோது பத்துப் பேர் அக்கரையில் நின்று அலறிக்கொண்டிருந்தார்கள். தரைப்பாலம் இருந்த இடத்தில் பாலம் இல்லை, தண்ணீர் மட்டும்தான் இருந்தது. கடைசியாக நடந்தவள் நாகஜோதி.

மறுநாள் காலை ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே சீமைக்கருவேலம் புதரில் அவள் உடலைக் கண்டெடுத்தார்கள். சாப்பாட்டு வாளியின் கைப்பிடி கையிலேயே இருந்தது.

அதற்கு முந்தின மாலை, அந்த வியாழக்கிழமை ஆறு மணிக்கு, ஓடைக் கரையில் டார்ச் விளக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த சாகுலின் போனில் செய்தி வந்தது. 'இன்றைய மதிப்பெண் 98. வாழ்த்துகள்!' அவர் வாங்கியதிலேயே அதிகம்.

மாதக் கடைசியில் சிறந்த ஓட்டுநர் பரிசாக ஒரு ஹாட்பேக்கை வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினார்கள். அதற்குள் சாகுல் வேலையை விட்டிருந்தார். பெயர்ப் பட்டியலைப் பெட்டியே தயாரித்தது. அனுப்பும் முன் எந்த மனிதரும் படித்துப் பார்க்கவில்லை. ஹாட்பேக் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அசீனாவின் பரணில் இருக்கிறது.

மாரியாத்தாள் பேத்தியின் பெயரையும் சேர்த்து இழப்பீட்டு வழக்குப் போட்டார். காப்பீட்டு நிறுவனத்தின் பதில் மனு ஒன்றரைப் பக்கம். வண்டி 3:07க்கு நின்றது. கதவு திறந்தது. பதினொரு பேர் இறங்கினர். 3:09க்கு வண்டி புறப்பட்டது. சம்பவம் 3:10. பாதை சரி, வேகம் சரி, ஓட்டுநர் மதிப்பெண் 98. ஆகவே வண்டிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை. அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. இவ்வளவு பெரிய அநியாயத்தை ஒரு பொய்கூட இல்லாமல் எழுத முடிகிறது, பாருங்கள்.

இந்தக் கணக்குப்படி சாகுல் குற்றமற்றவர். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அசீனாவும் அதைத்தான் சொன்னார்.

"அந்த மார்க்கு உங்களக் காப்பாத்துது. பேசாம இருங்க. பேசுனா உங்களத்தான் உள்ள போடுவாக."

"அது என்னையக் காப்பாத்துதுன்னா, அந்தப் பிள்ளையத் தண்ணியில விட்டது யாரு?"

அசீனா மெஷினை நிறுத்தினார். பிறகு, "சரி, போங்க" என்றார்.

விபத்து நடந்த ஐந்தாம் நாளே சாகுல் காண்ட்ராக்ட்காரருக்கும் பெட்டிக்காரக் கம்பெனிக்கும் எழுதிக் கேட்டுவிட்டார். எத்தனை நாள் பாதை விலகினேன், ஒவ்வொரு விலகலுக்கும் என்ன எச்சரிக்கை வந்தது, சந்தனத்துக்காகக் கொடுத்த தாள், எல்லாவற்றின் நகலும் வேண்டும் என்று. போனில் இருந்ததை அவரே அழித்திருந்தார். வேலையை விட்ட அன்றே மார்க் காட்டும் செயலியின் கதவும் மூடிவிட்டது. சுந்தரபாண்டியனை நேரில் பார்த்தார்.

"லாகின் முதலாளி பேருல இருக்கு பாய். நான் என்ன செய்ய?"

"ஓட்டுனது நான்தான சார்?"

"ஓட்டுனது நீங்க. வண்டி அவருது."

பெட்டிக்காரக் கம்பெனியின் பதில் நூற்றுநான்காம் நாள் வந்தது. ஓட்டுநர்களின் தனிப்பட்ட விவரங்களை அந்தரங்க உரிமை கருதி வெளியாருக்குத் தர இயலாது. கேட்டவர் அந்த ஓட்டுநர். அவருடைய அந்தரங்கத்தை அவரிடமிருந்தே காப்பாற்றிவிட்டார்கள்! அடுத்த வரியில் இன்னொன்று: விரிவான பதிவுகள் தொண்ணூறு நாளுக்கு மேல் வைக்கப்படுவதில்லை. மதிப்பெண்கள் மட்டும் ஏழு வருடம் இருக்கும்.

ஆக, அறுபத்தொன்று என்ற எண் இருக்கிறது. அது எதனால் அறுபத்தொன்று என்பது அழிந்துவிட்டது.

போன மாதம் சாகுல் சாட்சிக் கூண்டில் ஏறினார். வேனில் வந்த மற்றப் பத்துப் பேரும் அதே மில்லில்தான் இன்னும் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வரவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார். குரலில் மரியாதை இருந்தது.

"சம்பவத்தன்று உங்கள் மதிப்பெண் என்ன?"

"தொண்ணூத்தெட்டு."

"அப்படியென்றால் நீங்கள் அன்று நல்ல ஓட்டுநர்."

"இல்லய்யா. அன்னைக்கு ஒருநாதான் நான் கெட்ட டிரைவரு. அறுவத்தொண்ணு எடுத்த நாளெல்லாம் அம்புட்டுப் பேரும் வீடு போய்ச் சேந்தாக."

"மிரட்டியதால்தான் பாதையை மாற்றினேன் என்கிறீர்கள். அதற்கு ஏதாவது ஆவணம்?"

"அது உங்ககிட்டதான்யா இருந்துச்சு."

வக்கீல் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கு தள்ளிவைக்கப்பட்டது.

வெளியே வேப்பமரத்தடியில் மாரியாத்தாள் பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுவரை அவர் சாகுலிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவர் எதிரில் போய் நின்றார்.

"அன்னைக்கு உச்சி தெரிஞ்சுதாய்யா?" என்று மாரியாத்தாள் கேட்டார். மகள் வீட்டில் சொல்லியிருக்கிறாள் போலும்.

"தெரியலை ஆத்தா."

"பொறவு ஏம்ய்யா போனீரு?"

அதற்குச் சாகுலிடம் பதில் இருக்கிறது. அந்தப் பதிலைத்தான் தொண்ணூறாம் நாள் அழித்துவிட்டார்கள்.

சாகுலின் பதிவு போய்விட்டது. ஆனால் அதே காண்ட்ராக்ட்காரரிடம் இன்னும் பதினான்கு வேன் ஓடுகிறது. பதினான்கிலும் அதே பெட்டி, அதே குரல். அவற்றை ஓட்டுகிறவர்களே, அந்த ஆயுத பூஜைக்கு உங்களில் எத்தனை பேருடைய கேமராவில் சந்தனம் வைத்தார்கள், எத்தனை பேருக்குத் தாள் கொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் ஒருவர் இதைப் படிக்கலாம், அல்லது உங்கள் வீட்டில் யாராவது படித்துக் காட்டலாம். உங்கள் போனில் ஓர் எச்சரிக்கையாவது மிச்சமிருந்தால் அதை அழிக்காதீர்கள். வெட்கம் உங்களுடையதல்ல. அடுத்த வாய்தா ஆனி இருபதாம் தேதி, காலை பத்தரை மணி. போனை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வாசலுக்கு வாருங்கள். மற்றவர்கள், உங்கள் வண்டியில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், என்னைப் பற்றி எழுதிவைத்த எல்லாவற்றையும் எனக்குத் தா என்று இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். தேதி போட்டு எழுதுங்கள். தொண்ணூறு நாள்தான் இருக்கிறது.